நானூற்றுப் பதின்மூன்றாம் விளக்கு

சோணைமுத்துவுக்கு மாரிச்செல்வி மேல் நாலு வருடமாக ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அவள் அவரை இருபது வாட் என்று எழுதிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு விளக்கு தொண்ணூறு வாட். கடற்கரை ரோட்டு விளக்கு அறுபது. ரேஷன் கடைக்குப் பின்னால் நாய் படுத்துக் கிடக்கிற சந்து விளக்குத்தான் இருபது. இருபத்தாறு வருடமாக அந்தப் பேரூராட்சியில் கம்பம் ஏறுகிற மனிதனைக் கொண்டுபோய்ச் சந்து விளக்கோடு சேர்த்தால் மனம் ஆறுமா? விளக்காக எழுதியதைக்கூட அவர் மன்னித்துவிட்டார். வாட்டை மன்னிக்கவில்லை.

நடந்தது இதுதான். சாயல்குடிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பேரூராட்சி அது. நாலு வருடத்துக்கு முன்னால் பழைய தெருவிளக்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புது விளக்கு மாட்டினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சில்லு. தினமும் சாயந்தரம் ஆறரைக்கு, நான் எரிகிறேனா இல்லையா, எந்த இடத்தில் இருக்கிறேன் என்று அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். எரிந்தால் திரையில் பச்சைப் புள்ளி. அணைந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் வயர்மேன் போனுக்குத் தகவல் போகும். வயர்மேன் சோணைமுத்து. திரைக்கு முன்னால் உட்கார்ந்து டேட்டா பார்க்கிறவள் மாரிச்செல்வி.

தகவல் போக வேண்டுமென்றால் சோணைமுத்துவின் போனை அந்தச் சாப்ட்வேரில் சேர்க்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் மாரிச்செல்விக்குக் கொடுத்த திரையில் ‘விளக்கு சேர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ‘ஆள் சேர்’ என்று எதுவும் இல்லை. மதுரையிலிருந்த கம்பெனிக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டாள். பதில் இல்லை. நாலாம் நாள் அவரை விளக்காகவே சேர்த்துவிட்டாள். ஊரில் விளக்கு நானூற்றுப் பன்னிரண்டு. இவர் நானூற்றுப் பதின்மூன்று.

“அண்ணே, உயரம் எம்புட்டு?”

“எதுக்கு?”

“கேக்குதுண்ணே. காலியா விட்டா ஏத்துக்க மாட்டேங்குது.”

“அஞ்சரை அடி.”

“நட்ட வருசம்?”

“என்னது?”

“பொறந்த வருசம்ணே.”

“எழுபத்தி மூணு.”

அவள் தட்டினாள். பிறகு அவரை ஒருதடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துரு என்ற கட்டத்தில் ‘நடுத்தரம்’ என்று போட்டாள். வாட் என்ற கட்டத்தில் இருபது.

“ஏத்தா, நான் இருபதா?”

“சின்ன வெளக்குன்னா மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கண்ணே.”

கட்டத்தைக் காலியாக விட மாரிச்செல்விக்கு எப்போதுமே வராது. உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் முண்டு மிளகாய் போடுகிற வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு வருகைப் பதிவேட்டை எழுதச் சொன்னால், வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பதையும் ஓரத்தில் எழுதுவாள். ‘வயிற்றுப்போக்கு என்று சொன்னான், கண்மாயில் குளிக்கக் கண்டேன்’ என்று எழுதி வாத்தியாரிடமும் அந்தப் பையனிடமும் தனித்தனியே குட்டு வாங்கியவள். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தாள். தண்ணி லாரி ஓட்டுகிற தர்மராஜுக்கு வாக்கப்பட்டுக் காடன்வலசைக்கு வந்தாள். பேரூராட்சியில் ஒப்பந்தத்துக்கு டேட்டா போடுகிற வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது.

சாப்ட்வேரில் ஒவ்வொரு விளக்குக்கும் ‘அடையாளம்’ என்று ஒரு கட்டம். வேறு யாராவது என்றால் கீழத்தெரு, மேலத்தெரு என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவள் குடையைப் பிடித்துக்கொண்டு பதினோரு நாள் கம்பம் கம்பமாக நடந்தாள். ‘வாவு முகம்மது டீக்கடை எதிரில். ஏணி வைக்கும் இடத்தில் வெள்ளாடு படுத்திருக்கும், விரட்டினால் முட்டும்.’ ‘முருங்கைக் கிளை கண்ணில் குத்தும்.’ ‘வீட்டுக்காரர் திட்டுவார், அவர் மனைவி மோர் கொடுப்பார்.’ விளக்கு கெட்டால் இதெல்லாம் சேர்ந்துதான் சோணைமுத்துவின் போனுக்கு வரும். கம்பத்துக்கு எதற்கு இவ்வளவு கதை என்று அவர் டீக்கடையில் ஏசுவார். ஆனால் அதற்குப் பிறகு அவரை நாய் கடிக்கவில்லை. நூற்று எழுபதாம் விளக்கடியில் இருந்த செவலை நாய் செத்ததும் அவள் மறக்காமல் மாற்றினாள்: ‘நாய் இறந்துவிட்டது. பயமின்றி ஏறலாம்.’

தொல்லையெல்லாம் நானூற்றுப் பதின்மூன்றாம் விளக்கால்தான். சோணைமுத்துவின் போனில் சார்ஜ் இறங்கினால் சாப்ட்வேர் பதறிவிடும். ‘விளக்கு 413 மங்கலாக எரிகிறது. உடனே சென்று சரிசெய்யவும்’ என்று அவருக்கே தகவல் வரும். ஒருதடவை பாம்பனில் ஒரு சடங்குக்குப் போனார். ஆறரை மணிக்கு ரயில் சரியாகப் பாலத்து மேலே. மதுரையிலிருந்து ஆபீஸுக்குப் போன் வந்தது.

“மேடம், உங்க வெளக்கு ஒண்ணு கடலுக்கு மேல போயிட்டிருக்கு.”

“தெரியும் சார். செவ்வாக்கெழமை திரும்பி வந்துரும்.”

அந்தப் பக்கம் ‘செவ்வாய்’ என்று சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்கள்.

போன தை மாதக் கடைசியில் மாரிச்செல்விக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதத்தோடு டேட்டா வேலையெல்லாம் மதுரைக்குப் போகிறது, ஆபீஸில் ஆள் தேவையில்லை என்று. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். சோணைமுத்து கம்பி சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, எனக்கு ஒரு மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள எங்க விலக்குல ஒரு வெளக்கு எரியணும்.”

காடன்வலசை விலக்கு என்பது அந்தப் பேரூராட்சியின் கடைசி வார்டு. ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற வளைவு. சாயந்தரம் ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் வந்து, மிளகாய்க் காட்டு வேலைக்குப் போன பொம்பளைகளை அங்கே இறக்கிவிட்டுப் போகும். பக்கத்திலேயே ஓடை. அதற்குள் விழாத ஆள் ஊரில் கிடையாது. மாரிச்செல்வியின் மாமியார் கருத்தம்மாள் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாம் தடவை ஏற்கெனவே விழுந்து கிடந்த ஆட்டின் மேல் விழுந்ததால் அடி இல்லை. வாய்க்கும் அடி இல்லை. “ஊருக்கெல்லாம் வெளக்குப் போடுறவ வீட்டு வாசல்ல கும்மிருட்டு” என்று அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை சொல்வாள். மாரிச்செல்வி ஆறு மனு கொடுத்துவிட்டாள். திட்டத்தில் புது விளக்குக்கு இடமில்லை என்று ஆறும் திரும்பி வந்தன.

“புதுசுதான் தர மாட்டாங்க. இருந்த வெளக்கு காணாமப் போனா பதினஞ்சு நாளைக்குள்ள கம்பெனி நட்டே ஆகணும். ஒப்பந்தத்துல இருக்கு. ஆனா ஒரே எடத்துல முப்பது நாள் எரிஞ்சிருக்கணும்.”

“இல்லாத வெளக்கு எப்பிடித்தா எரியும்?”

அவள் அவரையே பார்த்தாள்.

விளங்குவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கம்பியைக் கீழே போட்டார். “நான் மாட்டேன். ஆறரை மணிக்கு எனக்கு டீ குடிக்கணும்.”

“வாட்டை அறுபது ஆக்குறேண்ணே.”

அவர் கம்பியைக் குனிந்து எடுத்தார். மெதுவாகச் சுற்றினார். “தொண்ணூறு?”

“தொண்ணூறுன்னா ஆளு வந்து பாப்பாங்க.”

“சரி, அறுபது.”

மறுநாள் சாயந்தரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு காடன்வலசை விலக்குக்குப் போனார். ஓடைக்கரையில் அவள் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஆறரைக்குப் போனோடு அதற்குள் நிற்க வேண்டும்.

“கால் வலிச்சா அந்தக் கல்லுல உக்காந்துக்கிறேன்.”

“வேணாம்ணே. நீங்க எங்கன இருக்கீகளோ அங்கனதான் கம்பம் நடுவாங்க. அந்தக் கல்லு ஓடைக்குள்ள இருக்கு.”

விஷயம் கருத்தம்மாளுக்குத் தெரியாது. சொன்னால் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மருமகள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கருத்தம்மாள் வந்து அவர் முன்னால் நின்றாள்.

“ஏலே, யாரு நீ? தெனமும் இங்கன வந்து நிக்கிற?”

“சும்மாதான்.”

“சும்மா நிக்க ஒங்க ஊர்ல எடமில்லையா? ஆட்டைப் பாக்குறியா, பொம்பளையப் பாக்குறியா?”

“ரெண்டையும் பாக்கல.”

“பெறகு?”

சோணைமுத்து யோசித்தார். “கவர்மெண்டு வேலை.”

“ஓகோ. அதான் சும்மா நிக்கிற.”

அன்றைக்குப் பஸ் வந்து நின்றபோது இருட்டிவிட்டது. கூடையோடு இறங்குகிற பொம்பளைகள் காலால் தடவித் தடவி வருவதைப் பார்த்தார். சும்மாதானே நிற்கிறோம் என்று போனில் டார்ச்சைப் போட்டு ஓடைப் பக்கம் காட்டினார். மறுநாளும் காட்டினார். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. பத்தாம் நாள் சைக்கிள் பஞ்சராகி, ஓட்டமும் நடையுமாக ஆறு இருபத்தொன்பதுக்கு வட்டத்துக்குள் வந்து விழுந்தார். கருத்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கலே போன? பஸ்ஸு வாற நேரம்.”

ஏசிவிட்டு மடியிலிருந்து அவித்த பனங்கிழங்கு இரண்டை எடுத்துக் கொடுத்தாள். அன்று அவர் பத்து நிமிடம் கூடுதலாக நின்றார்.

முப்பது நாளும் பச்சைப் புள்ளி. கடைசி வேலை நாள் சாயந்தரம் மாரிச்செல்வி சொன்னபடி போனை அணைத்தார். திரையில் சிவப்பு விழுந்தது. ‘விளக்கு 413 இடத்தில் இல்லை’ என்று தட்டிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, அவள் வீட்டுக்குப் போனாள். போனை அணைத்துவிட்டு எவள் வீட்டில் இருந்தாய் என்று சோணைமுத்துவின் வீட்டில் இன்றுவரை கேட்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து இன்ஜினியர் அருள்முருகன் விசாரிக்க வந்தார். இங்கே விளக்கே இருந்ததில்லை என்று அவர் எழுதிவிட்டால் எழுதினதுதான். விலக்கு என்றைக்கும் இருட்டுத்தான், மாரிச்செல்வி பேரில் பொய்க் கணக்கு என்று நோட்டீசும் வரும். அவள் தண்ணிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறக்காமலேயே நின்றாள். சோணைமுத்து வயர்மேன் என்பதால் உடன் வந்திருந்தார்.

இன்ஜினியர் நேரே கருத்தம்மாளிடம் போனார்.

“பாட்டி, இங்க சாயங்காலம் வெளிச்சம் இருந்துச்சா?”

“இருந்துச்சே. ஒரு மாசமா இருந்துச்சு. ஆறரைக்கு வரும். பஸ்ஸு போனதும் போயிரும்.”

“தானாவா?”

“நாம சொன்னா கேக்கவா செய்யும்? தானா வரும், தானா போகும். பனங்கெழங்கு குடுத்தா பத்து நிமிசம் கூட நிக்கும்.”

“அத்தைக்குக் கொஞ்சம் வயசாயிருச்சு சார்” என்றாள் மாரிச்செல்வி.

இன்ஜினியர் தலையை ஆட்டிக்கொண்டே ‘டைமர் பொருத்தியது’ என்று எழுதினார். “கம்பம் எப்படி இருந்துச்சு பாட்டி?”

“குட்டை. நல்ல கறுப்பு. உச்சியில ஒண்ணுமில்ல, வழுக்கை.”

“இரும்பா, சிமெண்டா?”

கருத்தம்மாள் சோணைமுத்துவை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். “இரும்பு மாதிரித்தான் இருந்துச்சு. இப்பக் கொஞ்சம் வளைஞ்சு போச்சு.”

‘துருப்பிடித்த இரும்புக் கம்பம்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு கையிலிருந்த திரையைப் பார்த்தார். முப்பது பச்சைப் புள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக, காசு அடுக்கினாற்போல ஒரே இடத்தில். மழை பெய்யாததால் சுண்ணாம்பு வட்டமும் அழியவில்லை. அதற்குள் போய் நின்று பார்த்தார். “டேட்டா சரியாத்தான் இருக்கு” என்றார்.

பன்னிரண்டாம் நாள் கம்பம் வந்தது. அறுபது வாட். ஆறரைக்கு அது எரிந்தபோது ஓடைக்குள் கிடந்த பழைய செருப்பெல்லாம் ஒற்றை ஒற்றையாகத் தெரிந்தது. பொம்பளைகள் இறங்கிப் போய் ஆளுக்கொன்றைத் தேடினார்கள். கருத்தம்மாள் விளக்கை அண்ணாந்து பார்த்தாள், சோணைமுத்துவைப் பார்த்தாள்.

“அப்ப இனி நீ வர வேணாமா?”

“வேணாம்.”

“ம்” என்றாள். கிழங்கு கொடுக்கவில்லை.

மதுரைக்காரர்களும் ஒருவழியாகச் சோணைமுத்துவை ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெயர், போன் நம்பர், இரண்டே கேள்வி. உயரம் கேட்கவில்லை. துரு கேட்கவில்லை. அவருக்கு அது என்னவோபோல் இருந்தது.

ஆபீஸில் வேலை இல்லாததால் மாரிச்செல்விக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. அவள் இப்போது மாமனார் காட்டில் மிளகாய்ச் செடிக்கு நடுவே நிற்கிறாள். பாத்திக்குப் பாத்தி நம்பர் போட்டிருப்பதாகக் கேள்வி. கம்பம் நட்ட ஒரு வாரத்தில் ஒரே ஒரு தடவை போன் செய்தாள். கடைசியாகக் கேட்டது அதுதான்.

“அண்ணே, வெளக்கு நேரா எங்க ஆட்டுக் கொட்டில்ல வந்து விழுது. ஆடு ஒண்ணும் படுக்க மாட்டேங்குது, விடிய விடிய மேஞ்சுக்கிட்டு நிக்குது. வெளக்கு ஆபீஸ்ல ஒம்பது வருசம் இருந்தவளுக்கு வெளக்கை எங்கன பாத்து வைக்கணும்னு தெரியலையாக்கும்னு அத்தை ஏசுறாக. ஏணியை எடுத்துட்டு வந்து ஒரு சாண் மேக்க திருப்பி விட்டுருங்கண்ணே. மதுரைக்குத் தெரிய வேணாம்.”