நாச்சிமுத்து அண்ணன் எழுதச் சொன்ன வரி

நாச்சிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்குப் பள்ளி வேனில் கிடைத்தது. ஓட்டுநர் ராசு அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, கைபேசியை இரண்டு முறை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "நம்ம பாட்டுக்காரர் நாச்சிமுத்து போயிட்டாராமுங்க. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்." அவருக்கு நாற்பத்தொரு வயதுதான். பிறகு ராசு அண்ணன் வண்டியைக் கிளப்பி, மரியாதைக்காக அந்தப் பாட்டைப் போட்டார். எல்லோரும் கூடவே பாடினார்கள். அழுதுகொண்டு பாடியவர்களும் உண்டு. நானும் பாட வாயைத் திறந்தேன். முதல் சொல்லிலேயே மூடிக்கொண்டேன்.

அவரோடு மேடையேறிய நீங்கள் வெளியிடும் இந்த நினைவு மலரில், அவரைப் பள்ளி மலருக்காகப் பேட்டி எடுத்தவள் என்பதால் என்னையும் எழுதச் சொன்னீர்கள். எந்தப் பாட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வரி: ஓடிவந்து பஸ்ஸை நிறுத்தும் ஒரு பெண்ணைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு அது. மூக்கால் இழுத்து, மூன்று முறை "ஏனுங்க" என்று கூப்பிட்டுத் தொடங்கும். அதற்கு மேல் அந்தப் பாட்டிலிருந்து ஒரு சொல்லையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

அன்று மாலை பல்லடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பேக்கரியில் அந்தப் பாட்டு. பக்கத்துச் செல்போன் கடையிலும் அதே பாட்டு, ஓர் அடி பின்தங்கி. மாலை போட்ட அவர் படத்தை மேசையில் வைத்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் அடிக்கடி போகும் ஓர் இடத்தில் வேலை செய்பவர். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியதும், முன்னால் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். அது காங்கேயம் போகும் பஸ். அவர் வீடு அந்தப் பக்கம் இல்லை.

அவர் ஏன் ஏறினார் என்பது அந்த பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதைச் சொன்னவர் நாச்சிமுத்து அண்ணன்.

போன ஆண்டு, கோழித் தீவனக் கடைக்கு மேலே இருக்கும் உங்கள் ஒத்திகை அறைக்கு நான் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பதினெட்டுக் கேள்விகளை எழுதி, நடுவில் கோடு போட்டு, பதிலுக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். தாளைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"பரீட்சைக்கு வந்தாப்புல இருக்குதே அம்மணி."

கீபோர்டு வாசிக்கும் சுந்தரம் அண்ணன் விடவில்லை. "ரெண்டு மார்க் கேள்வியா, அஞ்சு மார்க்குங்களா கண்ணு? இவரு ரெண்டு மார்க்குக்கே பிட் அடிக்கற ஆளு."

"நீ மூடு. உனக்கு ஹால் டிக்கெட்டே தரமாட்டாங்க" என்றார் அவர்.

பாட்டு எப்படி வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அவர் பக்கத்துக் கட்டடத்தில் ஓடும் விசைத்தறிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். ஒரு நிமிடம் நாங்கள் எல்லோரும் சும்மா கேட்டோம். "இது நிக்காம ஓடுதுல்லீங்க? எங்கூட்டுல நாலு தறி. சின்னதுலிருந்து இதுலதான் தூங்குனேன், இதுலதான் படிச்சேன். மெட்டு எனக்கு இதுல தானா வந்துரும். வார்த்தைதான் வராது. வார்த்தை எப்பவும் வேற ஒருத்தர் வாயிலதான் இருக்கும்." இதை அவர் பெருமையாகச் சொன்னார் என்று நினைத்து, "அருமையான கருத்து" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அம்மாவின் கைபேசியில் பதிவு செய்தும் வைத்தேன். அதைத் திரும்பக் கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். அந்த இடத்தில் அவர் குரலில் பெருமை இல்லை.

புகழைப் பற்றிய கேள்வி ஒன்பதாவது. அதைக் கேட்டதும் டீ வாங்கி வரும்படி எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டார். நீங்கள் அதைக் கேட்காமல் போனது அதனால்தான்.

தறி நூல் விற்கும் கடையில் அவர் வேலை செய்த காலத்தில், காலை எட்டரை பஸ்ஸில் ஒரு பெண் தினமும் ஓடிவந்து ஏறுவாராம். "ஏனுங்க, ஏனுங்க, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே வருவாராம். "எனக்கு அந்தக் குரல் புடிச்சிருந்துச்சு கண்ணு. கேலி பண்ணோணும்னு நெனைக்கவே இல்ல. ஓடியார அவசரத்துலயும் டிரைவரை மருவாதியாத்தானே கூப்புடறாங்கன்னு தோணுச்சு. அப்புடித்தான் எழுதுனேன். நம்ம பாட்டு செட்டுல பாடிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்னு மூக்குல பாடிப்போட்டேன். அந்த மூக்குதான் ஹிட்டு."

அந்தப் பெண் ஏறும் நிறுத்தத்தின் பெயரும், அவர் கையில் இருக்கும் குடையின் நிறமும் பாட்டில் இருந்தன. அந்த பஸ்ஸில் போனவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பாட்டு பரவிய பிறகு ஒருநாள் நாச்சிமுத்து அண்ணன் அதே பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அந்தப் பெண் கண்டக்டரை "ஏனுங்க" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். பஸ் முழுக்கப் பாட ஆரம்பித்துவிட்டதாம். கண்டக்டரும் டிக்கெட் புத்தகத்தில் தாளம் போட்டாராம். "அவங்க எறங்கறப்ப மொகத்தப் பாத்தேன். நான் எந்திருச்சு, பாடுனவன் நாந்தானுங்க, அவங்கள உடுங்கன்னு சொல்லியிருக்கோணும். சொல்லுல. பையத் தூக்கி மொகத்த மறைச்சுக்கிட்டேன். யாராச்சும் அடையாளம் கண்டு கை குடுத்துருவாங்களோன்னு பயம். புகழ்னா என்னன்னு கேட்டீங்கல்ல? எனக்கு அதுதானுங்க."

அந்தப் பெண் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்றும் சொன்னார். அவர்தான் நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்த அக்கா. அந்த அக்காவை நான் ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மேசையில் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டுவார். தூரத்தில் இருந்தால் எழுந்து பக்கத்தில் வந்து நிற்பார். கண்டிப்பானவர், அதனால்தான் அப்படி என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிட முதலில் வாயில் வரும் சொல்லை அவர் தன் வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களில் நானும் ஒருத்தி. நிறக் காகிதம் ஒட்டிய குடையோடு முதல் வரிசையில் ஆடினேன்.

"இத நீங்க எழுதோணும் கண்ணு. நான் செஞ்சது தப்புன்னு அச்சுல வரோணும். நேர்ல போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் பத்துல" என்றார் நாச்சிமுத்து அண்ணன். எழுதுகிறேன் என்று சொன்னேன்.

எழுதினேன். தமிழாசிரியை அந்தப் பத்தியில் பென்சிலால் கோடு போட்டார். "இது பள்ளி மலர்மா. சாதனையாளர் பேட்டி. படிக்கிற பிள்ளைங்களுக்கு ஊக்கம் வர மாதிரி இருக்கணும்" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. விருப்பமில்லை என்றால் பேட்டியே வேண்டாம், வேறு ஏதாவது போடலாம் என்றுதான் சொன்னார். என் பெயர் முதல்முறையாக அச்சில் வரப்போகிறது என்ற ஆசையில் நானே அதை அழித்தேன். அந்த இடத்தில் "புகழ் என்னைப் பக்குவப்படுத்தியது" என்று ஒரு வாக்கியத்தை எழுதிச் சேர்த்தேன். அது அவர் சொன்னதில்லை. என்னுடையது.

மலர் கைக்குக் கிடைத்த அன்றே அவர் அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க அம்மணி. எம் பொண்டாட்டி லேமினேஷன் பண்ணோணும்ங்கறா. ஆமா, பக்குவப்படுத்தியதுன்னு நானா சொன்னேன்?"

கையில் இருந்த மலரை மூடி வைத்தேன்.

"பக்குவம் வந்திருந்தா அந்தப் பாட்ட இன்னும் பாடிட்டா இருப்பேன்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "சரி உடுங்க. அடுத்தவாட்டி எங்கயாச்சும் எழுதுனீங்கன்னா மறக்காம அதப் போட்டுருங்க" என்றார்.

அவர் அந்தப் பாட்டை விட முயன்றதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். காங்கேயம் பக்கத்தில் என் மாமா ஊர்க் கோயில் விழா. நீங்கள் எல்லோரும் மேடையில் இருந்தீர்கள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருப்பவர்களைப் பற்றி ஒரு புதுப் பாட்டைப் பாடினார். மெதுவான பாட்டு. பாதியிலேயே விசில் வந்தது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஓரம் வந்து, "ஏனுங்க நாச்சிமுத்து, அதப் பாடாம எறங்குனா எப்புடிங்க? எங்க மானம் போயிரும்" என்றார். ஒலிபெருக்கியில் அதுவும் கேட்டது. அவர் கூப்பிட்ட முதல் சொல்லுக்கே கூட்டம் அலறியது.

நாச்சிமுத்து அண்ணன் பாடினார். ஆனால் அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டார். மைக்கைக் கீழே இறக்கி, தலையைக் குனிந்து நின்றார். அது தங்களுக்காக விட்ட இடம் என்று கூட்டம் நினைத்தது. மூன்று முறையும் அத்தனை பேரும் மூக்கால் பாடினார்கள். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சத்தமாக. சுந்தரம் அண்ணன் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினார். நாச்சிமுத்து அண்ணன் மட்டும் நிமிரவில்லை. அடுத்த விழாவிலிருந்து எல்லா மேடையிலும் நீங்கள் கூட்டத்தை அப்படித்தான் பாட வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர் ஏன் வாயை மூடினார் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்த நான் அதை அச்சிலிருந்து அழித்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பஸ் வரும் இடத்தை இன்னொரு முறை கேட்டார்.

"அந்த பஸ்ல இவரு இருந்தாரா?"

"ஆமாங்க்கா. கடைசி சீட்டுலயாம்."

"ஏன் எங்கிட்ட வந்து சொல்லுல?"

"பயந்துட்டாருங்க்கா."

"எனக்குந்தான் அடுத்த நாள் அந்த பஸ்ல ஏறப் பயம். நான் ஏறாமயா இருந்தேன்?"

கைபேசியை அணைத்துப் பையில் வைத்தேன். அவரே தொடர்ந்தார். "செத்ததுக்கு நான் சந்தோசப்படுல கண்ணு. பாவம், சின்ன வயசு. ஆனா பத்து நாளா எல்லாக் கடையிலயும் போடறாங்க. முன்னாடி கேலின்னு காதப் பொத்திக்குவேன். இப்ப எழவு. காதப் பொத்துனா என்ன நெனைப்பாங்க?" பிறகு, "நீங்க எழுதுங்க. ஆனா மன்னிச்சுட்டாங்கன்னு எழுதிப்போடாதீங்க. அது நான் சொல்லோணும். இன்னும் சொல்லுல" என்றார்.

அதனால் நான் அதை எழுதவில்லை. அண்ணன் எழுதச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பாட்டில் தான் செய்தது தப்பு என்று நாச்சிமுத்து அண்ணன் சொன்னார். சிரிப்புக்காக ஒரு பெண்ணின் குரலை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அதை ஊர் அறியச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வருடம் தாமதமாகச் சொல்கிறேன். தாமதம் என்னுடையது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நினைவுக் கூட்டத்தை அந்தப் பாட்டோடு தொடங்கப்போவதாக சுந்தரம் அண்ணன் சொன்னார். வேண்டாம் அண்ணா. மைக்கை இறக்கிவிட்டு அவர் குனிந்து நின்றதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் லாரிப் பாட்டைப் பாடுங்கள். விசில் அடித்தால் அடிக்கட்டும்.

ஒரு பாட்டை மேடையேற்றும் முன் அதில் இருப்பவரிடம் நாச்சிமுத்து அண்ணன் பாடிக் காட்டியிருக்கலாம். அவர் செய்யாமல் விட்ட அதைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையை உங்களுக்கு அனுப்பும் முன் அந்த அக்காவின் எதிரில் நின்று முழுதாக வாசித்தேன். அவர் இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். ஒன்று அவர் பெயர், இன்னொன்று அவர் வேலை செய்யும் இடம். இரண்டையும் அங்கேயே அடித்து நீக்கினேன்.

"காங்கேயம் பஸ்ல ஏறுனது இருக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். ஏறுனேன்ல?"

"வேற ஏதாவது எடுக்கோணுமுங்களா?"

தாளை வாங்கி, மறுபடி தானே ஒருமுறை படித்தார். "இப்போதைக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.