காலில்லாத வாத்து

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது செல்பேசியில் செய்தி வந்தது: தட்சிணாமூர்த்தி காலமாகிவிட்டார், மாரடைப்பு. இறந்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். பக்கத்து சீட்காரரிடம், "நல்லா குறி பார்ப்பாரு" என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரர். லீவு நாளில் ஏர்கன்னைச் சாக்கில் சுற்றிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஏரிக்குப் போவார். சட்டப்படி குற்றம்தான். துணைக்கு நானும் போவேன்.

வாத்து அடையாளம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதை வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

"எழும்பறப்ப பாருய்யா. நேரா மேல எம்பினா கிளுவை, கறி ருசியா இருக்கும். தண்ணி மேலயே தபதபன்னு ஓடி எழும்பினா முக்குளிக்கிற சாதி. அது கறி சேத்து நாத்தம் அடிக்கும்" என்பார். உரித்த பிறகும் காலைப் பார்த்தால் தெரியுமாம். முக்குளிக்கிற வாத்துக்குப் பின்விரலில் துடுப்பு மாதிரி மடல் தொங்கும்.

இத்தனையும் தெரிந்த மனிதர் என் பங்கை மட்டும் உரித்து, காலை வெட்டிவிட்டே கொடுப்பார். "உனக்கு வேல மிச்சம்" என்பார். நானும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வேன்.

என் மகளுக்கு விருத்தாசலத்தில் ஓர் இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்த அன்று, அவர் கொடுத்த வாத்தைத்தான் குழம்பு வைத்தோம். முதல் வாயிலேயே மாப்பிள்ளையின் அம்மா இலையை மூடிவிட்டார். கெட்டுப்போன கறியைப் போட்டார்கள் என்று பேச்சாகி, சம்பந்தமே முறிந்தது. அப்போதுதான் வெட்டிய கால்களைப் பற்றி எனக்கு உறைத்தது. எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"வாத்துன்னா வாத்துதான்யா. மசாலாவ தூக்கலா போட்டிருக்கணும்" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

மகள் அன்று அழுத அழுகைக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. இப்போது அவள் வேறு இடத்தில் நன்றாக வாழ்கிறாள். அதில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

நேற்று காரியம். அவருக்குப் பிடித்ததைப் படைக்க வாத்து கிடைக்குமா என்று அவர் மனைவி சரோஜா கேட்டனுப்பியிருந்தார். ஏரிக்கரையில் கண்ணி வைப்பவனிடம் சொல்லி, முக்குளிக்கிற சாதியாகவே பார்த்து வாங்கினேன். காலை வெட்டவில்லை.

அடுப்படியில் அந்த அம்மா வாத்தைத் திருப்பி, பின்விரலை விரித்துப் பார்த்தார். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"அண்ணே, இது முக்குளியாச்சே."

"ஆமாம்மா."

"இருக்கட்டுங்க. கிளுவைய அவரு தின்னுக்கினு, எனக்கும் புள்ளைங்களுக்கும் இத்தினி வருசமா இதத்தான் போட்டாரு. ஒரு நாளாவது அவரு தின்னட்டும்."

மசாலாவைக் குறைத்தே போட்டார். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, சோறு, மேலே கறி. ஊதுவத்தியையும் மீறி வாடை அடித்தது. நாங்கள் இருவரும் கும்பிட்டோம்.

தட்சிணாமூர்த்தி அவர்களே, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இலையை மட்டும் மூடிவிடாதீர்கள்.