கார்த்திகையில் வேர்த்த உடம்பு

ஆட்சி மாறியிருந்தது, எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ் லத்தி மட்டும் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு சங்கம் வேலைநிறுத்தம் செய்திருந்த கார்த்திகை மாதம். விடியற்காலையில் மிராசுதாரின் வைக்கோல் போர் பற்றி எரிந்தது. எட்டு மணிக்கெல்லாம் எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரையும் களத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

வாடைக்காற்றில் எல்லோரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்க, என் வீட்டுக்காரருக்கு மட்டும் வேர்வை கொட்டியது. கை நடுங்கியது. வாயோரம் எச்சில் வழிந்தது.

"இந்தக் குளிர்ல உனக்கு மட்டும் ஏண்டா வேர்க்குது? பத்த வச்சவனுக்குத்தான் வேர்க்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

லத்தி முழங்காலில் விழுந்தது. அப்புறம் முதுகில். அப்புறம் வாயில். பல் ஒன்று தெறித்து மண்ணில் விழுந்ததை நான் பார்த்தேன்.

எனக்குக் காரணம் தெரியும். இருட்டோடு எழுந்துபோய் அதே மிராசுதாரின் வயலுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்திருந்தார். ஸ்பிரேயர் ஒழுகி முதுகெல்லாம் மருந்து. பிள்ளைக்கு மூன்று நாளாகக் கஞ்சி இல்லை, என்ன செய்வார்? ஆனால் வேலைநிறுத்தத்தில் பண்ணை வேலைக்குப் போனவனுக்கு எங்கள் தெருவில் கருங்காலி என்று பெயர். நான் சொல்ல வாயெடுத்தபோது, ரத்தம் ஒழுக அவர் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

மருந்தைக் கையில் கொடுத்தனுப்பிய பண்ணைக் காரியக்காரர் இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். வாயைத் திறந்தாரா? நாசமாய்ப் போக! பாய்ந்து, லத்தி பிடித்த கையைக் கடித்தேன். பூட்ஸ் கால் என் விலாவில் இறங்கியது.

அதற்குள் என் வீட்டுக்காரருக்கு வலிப்பு கண்டுவிட்டது. செத்துவிடுவாரோ என்று பயந்து போலீஸ் விலகிக்கொண்டது. சங்கத் தோழர்கள் நாலு பேர் லாரியில் போட்டு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். "வெறும் அடின்னா இப்படி வேர்வை கொட்டாதும்மா. சர்க்கரை எறங்கினாலும் வேர்க்கும், மாரடைப்புலயும் வேர்க்கும், தைராய்டு, காசம்னு காரணம் எத்தனையோ. இவருக்குக் கண்ணுப்பாவை கடுகாட்டம் சுருங்கிக் கெடக்கு. எந்த மருந்தைத் தொட்டாரு? சீக்கிரம் சொல்லு, தப்பா ஊசி போட்டா போயிடுவாரு."

தோழர்கள் என்னையே பார்த்தார்கள். போலீஸிடம் அடி வாங்கியும் வாய் திறக்காத வீரர் அவர்களுக்கு அவர்.

"பண்ணை வயலுக்குப் பூச்சிமருந்து அடிச்சாருங்கய்யா!" என்று கத்தினேன். "இன்னிக்குக் காலையிலதாங்க!"

டாக்டர் சட்டையைக் கிழித்தெறிந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஊசிமேல் ஊசி போட்டார். தோழர்களில் ஒருவர் என் காலடியில் காறித் துப்பிவிட்டு வெளியேறினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

சாயங்காலம் அவர் கண் விழித்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"போலீஸ் அடியிலயே சாவ விட்டிருக்கலாம்லடி, பாவி!" என்று பளாரென்று அறைந்தார். கன்னம் எரிந்தது. ஆனால் அந்தக் கை உலர்ந்திருந்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஊசி மருந்து வேலை செய்திருக்கிறது. மனுஷன் பிழைத்துவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அடிய்யா," என்றேன். "உசிரோட இருந்து அடி."