வேறு யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன்

சபையாருக்கு என் அன்பு. இதைச் சொல்ல எழுந்து நிற்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. எத்தனையோ ஞாயிறு எழப் பார்த்து, வெட்கப்பட்டு, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று நான் சாட்சி சொன்னால், அதோடு ஒரு மனிதனின் சாவையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை தயக்கம்.

ஜொகூர்க் கடல்மேல் பாலம் போட்டு ரயில் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் யேசடியான் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் அந்த ரயிலில் சிங்கப்பூர் போய், வெள்ளைக்கார அரசாங்கத்தின் ஓர் ஆபீசில் கடிதம் எழுதி, கணக்குப் பார்க்கும் கிராணி வேலை பார்த்தார். வெளிதேசங்களில் இருக்கும் தூதர்களுக்குக் கடிதமும் ஆளும் சாமானும் அனுப்புகிற ஆபீஸ் அது. எந்தத் தேசத்துக்கு அனுப்பினாலும் மறுக்காமல் போவேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார். பத்து வருஷமாக அந்தக் கையெழுத்தை நாங்கள் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

ஒரு சாயங்காலம் வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“சீனாவுக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு, அன்னம்.”

சீனாவில் ஒரு பெரிய ஆற்றங்கரைப் பட்டணம். அதன் பெயர் இன்றும் என் நாக்கில் புரளாது. அங்கே சண்டை நடப்பது எல்லாருக்கும் தெரியும். தூதரின் கட்டடத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் என்று, கடிதங்களைப் பார்த்துவிட்டு அவரே வந்து சொல்லியிருக்கிறார். அந்தத் தூதர் துரையும் ஆசைப்பட்டுப் போனவர் இல்லையாம். அவருக்கும் ஆர்டர்தான். மனைவி மக்களை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டுத் தனியாளாக இருந்தாராம். அவரிடம் இருந்த கிராணி பயந்து ஓடிவிட்டான். அந்த இடத்துக்குத்தான் இவரைக் கேட்டிருந்தார்கள்.

“மாட்டேன்னு சொல்லிருங்க,” என்றேன்.

“சொன்னா வேலை போயிரும். அது போனாப் போகட்டும். லிஸ்டுல எனக்கு அடுத்து மாசிலாமணி பேரு இருக்கு. நான் இல்லன்னா அவன். யாராச்சும் போய்த்தானே ஆகணும்?”

மாசிலாமணியை உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆராதனையில் முதலில் குரலெடுத்துப் பாடுகிற தம்பி. குளுவாங்கில் பெண் எடுத்தவர். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். மனைவி லேயாள் முதல் பிள்ளைக்காகத் தாய்வீடு போயிருந்தாள்.

நான் முழங்கால்படியிட்டேன். என் இரண்டு பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் முழங்கால்படியிட வைத்தேன். “ஆண்டவரே, இவர் வேண்டாம். வேறு யாரையாவது அனுப்பும்” என்று கேட்டேன். அடுத்த பெயர் யாருடையது என்று தெரிந்துதான் கேட்டேன். மூன்று வாரம், பச்சைத் தண்ணீரோடு உபவாசம் இருந்தும் கேட்டேன்.

கப்பலேற நான்கு நாள் இருக்கும்போது அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பல் கிட்டி, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிரயாணம் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நான் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த ஞாயிறு இதே சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். மாசிலாமணியும் சொன்னார்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் காகிதங்களை வாங்கிக்கொண்டு போக வந்தவர். அங்கே குளிர் அதிகம் என்று என் வீட்டுக்காரர் அளவுக்குக் கம்பளிக் கோட்டு தைத்து வைத்திருந்தோம். அதை அவரிடம் கொடுத்தேன். கை நீளமாக இருந்தது. அவரை நிற்கவைத்தே மடித்துத் தைத்தேன்.

“அண்ணன நல்லாப் பாத்துக்குங்க அக்கா. நான் ஒரு வருஷத்துல திரும்பிருவேன். பிள்ளை பொறந்தா லேயாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருங்க,” என்றார்.

“போயிட்டு வாங்க தம்பி,” என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஊசியையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஐந்தாம் மாதம் ஆபீசுக்குத் தந்தி வந்தது. சண்டைக்காரர் கூட்டம் தூதரின் கட்டடத்துக்குள் புகுந்துவிட்டது. காயம்பட்ட துரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றினார்கள். அரசாங்கக் காகிதங்கள் யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்பது சட்டம். அவற்றை எரித்துவிட்டு வர மாசிலாமணி பின்தங்கினார். படகுத்துறைக்கு ஓடி வரும் வழியில் குண்டு பட்டது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

லேயாளுக்கு அப்போது ஆண் பிள்ளை பிறந்து மூன்று மாதம்.

நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். அதன்பின் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வாய் திறந்தால் என் பழைய வார்த்தையே வந்து நின்றது. காய்ச்சலைக் கர்த்தர் அனுப்பினாரா, கொசு கடித்து வந்ததா? போதகரிடம் போய்க் கேட்டேன். அவர் “எனக்குத் தெரியலம்மா,” என்றார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்ததும் அந்தக் கட்டடத்தை மறுபடி திறந்தார்கள். காயம் ஆறிய துரைக்கே மறுபடி ஆர்டர். கிராணி வேலைக்கு என் வீட்டுக்காரர் பெயர். காய்ச்சல் தெளிந்திருந்தது. இந்தத் தடவை அவர் அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்தார்.

“நான் போறேன் அன்னம். அவன் என் எடத்துலதானே செத்தான்,” என்றார்.

நான் முழங்கால்படியிட்டேன். அவர் உயிரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. “ஆண்டவரே, லேயாள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கொடும்” என்று மட்டும் கேட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த ஜெபம் அதுதான்.

அவரைக் கப்பலேற்றிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, குளுவாங்குக்கு ரயிலேறினேன். வழியில் ரெங்கம் ஸ்டேஷனில் ஒரு தடவை, இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன்.

லேயாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண். வெள்ளைச் சேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த பெயர் அவருடையது என்று தெரிந்துதான் அப்படி ஜெபித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன்.

“நானும் கேட்டேன் அக்கா,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“அண்ணனுக்குக் காய்ச்சல்னு கடுதாசி வந்தப்போ, சீக்கிரம் தெளியணும்னு கேட்டேன். தெளிஞ்சு, அவரே கப்பலேறட்டும்னு கேட்டேன். இவரு போயிட்ட பிறகும் கேட்டேன். அண்ணன அனுப்பி இவரத் திருப்பிக் கூப்பிட மாட்டாங்களான்னு. இது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். ஒரே கர்த்தரிடம், ஒரே மாதத்தில், ஒருத்தி புருஷனை இன்னொருத்தி அனுப்பச் சொல்லி மன்றாடியிருக்கிறோம். அவள் என் மடியில் முகம் வைத்து அழுதாள். நானும் அழுதேன். புருஷன் செத்தபின் அவள் அப்படி வாய்விட்டு அழுததே அன்றுதான் என்று அவள் தாயார் பிறகு சொன்னார்கள்.

அழுது முடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே ஜெபித்தாள். “அண்ணனைப் பத்திரமாய்க் கொண்டுவாரும், ஆண்டவரே” என்றாள். என்னால் கேட்க முடியாததை அவள் கேட்டாள். பதினாறு மாதம், நாளும் கேட்டிருக்கிறாள்.

அவர் திரும்பி வந்தார். ஒரு காது கேட்காது. கதவு அடித்துச் சாத்தினால் இன்றும் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். அங்கே பார்த்ததைப் பற்றி அதிகம் பேச மாட்டார். கல்லறையில் மாசிலாமணியின் பெயரை இங்கிலீஷில் தப்பாக எழுதியிருந்தார்களாம். இவர் தமிழில் சரியாக எழுதி வைத்துவிட்டு வந்தார். அதை லேயாளிடம் சொல்லத்தான் முதலில் குளுவாங் போனார். வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சபையாரே, என் புருஷன் உயிரோடு வந்ததை மட்டும் சாட்சியாகச் சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. மாசிலாமணி வரவில்லை. அவர் மகன் இன்று முன்வரிசையில் தன் தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அந்தப் பாவத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் கேட்டேன், கர்த்தர் கொடுத்தார். அதற்கு மேலும் கொடுத்தார். எனக்கு ஒரு தங்கையைக் கொடுத்தார். இப்போது நான் ஜெபிக்கும்போது யார் பெயரையும் தள்ளிவிட்டு என் வீட்டுப் பெயரைச் சொல்வதில்லை.

நம் சபையில் இரண்டு வீடுகளுக்குப் போன வாரம் அதே மாதிரி ஆர்டர் வந்திருக்கிறது. அந்த வீட்டுத் தாய்மார் இப்போது இங்கேதான் இருக்கிறீர்கள். நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள், தப்பில்லை. கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் தனித்தனியாகக் கேட்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் நானும் லேயாளும் இங்கேயே இருப்போம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள்.