சௌந்திரம் வீட்டு ரேட்டிங் பெட்டி

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சௌந்திரம் டிவியே பார்க்கமாட்டார். எந்தச் சேனலை ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று அளக்கும் ரேட்டிங் பெட்டியை, தேடிப்பிடித்து அவர் வீட்டு டிவியில்தான் மாட்டினார்கள்.

கோயில் பட்டாசுக்குக் கோழிகள் மிரண்டன. சத்தம் பழகட்டும் என்று டிவியைப் பெட்டியோடு கொட்டகைக்குத் தூக்கிப்போய், பகல் முழுக்க ஒரே சேனலை ஓடவிட்டார். சென்னையில் அந்தச் சேனல்காரர்கள் கேக் வெட்டினார்கள். கொங்குப் பெண்களின் ரசனையைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்!

ஒருநாள் டிவி நின்றது. ரேட்டிங் கம்பெனிக்காரர் பதறி ஓடிவந்தார். "ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"மாமியா மருமவ சண்டை வரைக்கும் கோழி தாங்குச்சுங்க சாமி. அரசியல் விவாதம் போட்டாங்க பாருங்க, முட்டை பாதியாக் கொறைஞ்சுபோச்சு. அதுக்குப் பட்டாசே தேவலைங்க."