கொடுக்கக் கூடாத மனு

பதினேழாம் நூற்றாண்டுப் பேரரசுகளின் சட்டமும் அரசியலும் பற்றி நான் எழுதிவந்த நூலில், மூன்றாம் இயல் ஒரே ஒரு மனுவைச் சுற்றியது. பாம்பன் படகோட்டி ஒருவர், இராமநாதபுரத்து அரசரின் சுங்க அலுவலர் தம் படகைப் பிடித்துவைத்ததாக டச்சுக்காரரின் கோட்டைக்கு எழுதியது. அது கிடைத்ததோ அதே அரசரின் ஆவணங்களுக்கிடையே. வழியில் அரசரின் ஆட்கள் கைப்பற்றினர் என்று முடிவுகட்டி, அந்த எளியவருக்காக இரங்கியும் எழுதியிருந்தேன்.

அப்போது தங்கச்சிமடத்தில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மையாருக்கும் அவர் கணவருக்கும் ஒரு நாட்டுப்படகே பிழைப்பு. அதே ஊர் விசைப்படகொன்று அவர்களுடைய வலையை அறுத்துச் சென்றது. மாற்று வலை இல்லை. ஊர்க் கமிட்டி விசாரித்துக்கொண்டிருக்கையில், மீன்துறைக்கு ஒரு மனு எழுதித் தருமாறு அம்மையார் என்னிடம் கேட்டார். எழுதினேன், கையெழுத்திட்டார். மறுநாள் ஆவணம் பார்க்க இராமநாதபுரம் சென்ற நான், உதவியென்று எண்ணி, அதனையும் எடுத்துச் சென்று அங்குள்ள மீன்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

மாலையில் அதைச் சொன்னதும் அவர் மீன் அரிவதை நிறுத்தினார்.

"எழுதித் தரத்தானே சார் கேட்டேன், கொடுக்கச் சொன்னேனா? படிச்சவகளே தபால்காரரா மாறிட்டா நாங்க எங்கன போறது?"

பிறகு பொறுமையாக விளக்கினார். மனு துறைக்குப் போனால் விசைப்படகு கடலுக்குச் செல்லத் துறை தரும் டோக்கன் நிற்கும், படகுக்காரர் பகையாவார், இனித் துறையே பார்க்கட்டும் என்று கமிட்டியும் விலகிவிடும். வலை வராது. மனுவைக் கமிட்டியில் காட்டுவதே வழக்கம், கொடுப்பதன்று.

மறுநாள் முதல் பேருந்தில் இருவரும் சென்றோம். மனு இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே எழுத்தர் திருப்பித் தந்தார். ஆகப்போகிறது என்றார் அம்மையார். வெளியே வந்ததும் அதைக் கிழிக்கப் போனேன்.

"கிழிச்சிராதீங்க சார். இனிமேத்தான் அதுக்கு வேலை."

ஞாயிறு பூசைக்குப் பின் கமிட்டி கூடியது. அம்மையார் மனுவை மடியில் விரித்து வைத்திருந்தார், ஒருவரும் வாசிக்கவில்லை. புது வலை தருவதாகப் படகுக்காரர் ஒப்புக்கொண்டார். வலை வந்த அன்று, அம்மையார் அந்த மனுவைப் படகுக்காரரிடமே கொடுத்துவிட்டார். அவரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மாடிக்குச் சென்று மூன்றாம் இயலை எடுத்தேன். கைப்பற்றினர் என்ற சொல்லை அடித்தேன். பாம்பன் படகோட்டிக்குப் படகு திரும்பக் கிடைத்தது என்று எழுதவே விரும்பினேன். கிடைத்திருக்கலாம் என்று எழுதினேன்.