எனக்கு வந்த ஒரு டம்ளர் பால்

புகை பிடித்த பாலின் வாசனை இன்றைக்கும் என் வயிற்றைத்தான் முதலில் கலக்குகிறது. கல்வராயன் மலையில் எங்கள் வீட்டு மாட்டுப் பால் கன்றுக்கு மட்டும்தான் என்பதால், ஆறாம் வகுப்புக்காகக் கள்ளக்குறிச்சி விடுதிக்கு வந்து சேரும்வரை பால் குடித்தே பழகாத எனக்கு, அங்கே மாலைதோறும் கொடுத்த ஒரு டம்ளர் பால் தண்டனையாகிவிட்டது. குடித்த சற்று நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று உருண்டு, கழிப்பறைக்கு ஓடுவேன். "வூட்டு நெனப்புல நடிக்கிறா" என்றார் வார்டன் அம்மா. மற்றப் பெண்கள் "டமாரம்" என்று பெயர் வைத்து, என் பாயை விட்டுத் தள்ளிப் படுத்தார்கள்.

நைனார்பாளையத்துச் செல்வி மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகள்; எப்போதும் பசி. "உனுக்கு வாணாம்னா எனுக்குக் குடுடி" என்றாள். அன்று முதல் கிணற்றடிச் சுவரோரம் யாரும் பார்க்காமல் என் பாலைக் குடிப்பாள். குடித்த பிறகும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருப்பாள். நாள் முழுவதிலும் என்னோடு ஒருவர் பேசியது அப்போது மட்டும்தான்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் எங்களைச் சோற்றை நன்றாக மென்று துப்பச் சொல்லி, அதில் அயோடின் விட்டார். மெல்லாத சோறு கருநீலமானது, மென்றது ஆகவில்லை. எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட்டது என்றார். நான் எழுந்து, "பாலுக்கும் அதுமாதிரி இருக்குதாங்க சார்?" என்று கேட்டேன். பால் சர்க்கரையை உடைக்கும் நொதி சிறுகுடலில் இருக்கிறது, குழந்தைப் பருவம் கடந்ததும் பலருக்குக் குறைந்துவிடும், உடையாத சர்க்கரை பெருங்குடலில் புளித்துக் காற்றாகும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் அழுதுவிட்டேன்.

விவரம் கேட்டவர் அன்றே வார்டன் அம்மாவிடம் பேசினார். "தெரியாம திட்டிட்டேன்டி, இனிமே உனுக்குப் பால் கெடையாது" என்று அந்த அம்மா என் தலையைத் தடவினார்.

கிணற்றடியில் செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"குடிக்கலன்னாலும் வாங்கிக்கினு இருந்திருக்கலாமில்ல?"

அதன்பின் அவள் அங்கே வரவில்லை. ஆண்டு முடிவில் படிப்பை நிறுத்திவிட்டுப் பெற்றோரோடு கரும்பு வெட்டப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது கடைகள். அந்த நொதியே மாத்திரையாக மருந்துக்கடையில் கிடைக்கிறது. போன மாதம் நைனார்பாளையம் போய் விசாரித்தேன். கூலிக்காரர்கள் தெருவில் செல்வி என்று கேட்டதற்கு, "எந்தச் செல்விங்க?" என்றார்கள். விடுதியில் படித்தவள், கரும்பு வெட்டப் போனவள் என்பதற்குமேல் சொல்ல என்னிடம் எந்த அடையாளமும் இல்லை.